வெளியே போட்ட தாழ்ப்பாள்

21.2.2025, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷீபாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். அதை ஹாலில் நீ மாட்டச் சொன்ன கேமராவில் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய், ஆனாலும் கடிதம் என்றால் இப்படித்தானே தொடங்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த டப்ளின் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிவதில்லை, உங்கள் வீட்டில் எனக்குக் கேமரா இல்லை. இதை அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், இங்கே அது எட்டாது. போனில் பேசினால் நீ நடுவில் மாத்திரையைக் கேட்பாய், நானும் மாத்திரையைச் சொல்வேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பக்க எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி.

சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அடுத்த மாதம் அம்மாவின் இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசைக்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், குளத்தூரிலிருந்து சார்லஸ் சித்தப்பா குடும்பத்தோடு வருகிறான். எதிர்வீட்டு உடையப்பன் காலையிலும் மாலையிலும் வந்து எட்டிப் பார்க்கிறார். நான் ஸ்கூட்டரை எடுத்தால் உடனே உனக்குப் போன் செய்ய வேண்டும் என்று நீ சொல்லிவைத்திருப்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. ஸ்கூட்டர் தூசி படிந்து நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தோழி இந்துமதி கேட்டுக்கொண்டு அவள் கல்லூரியில் நான் நடத்தும் வாசிப்பு வட்டத்தைப் பற்றி உன்னிடம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பெருமையடித்திருப்பேன். வியாழன்தோறும் மூன்றரைக்குத் தொடங்கினால் ஐந்து மணி வரை முப்பது பிள்ளைகளில் ஒருவர்கூட எழுந்து போவதில்லை என்று சொன்னேன் அல்லவா. அது உண்மைதான். ஏன் போவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. போன வாரம் வியாழக்கிழமை, பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும் ஒரு கப்பல்காரனைப் பற்றிய சிறுகதையைப் படித்துப் பேசிக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல ஒரு உதாரணம் சொல்லி, அந்த உதாரணம் விளங்க இன்னொரு உதாரணமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலேகால் இருக்கும், எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, சர்க்கரைக்காரனுக்கு அது சொல்லிவிட்டு வராது. எழுந்துபோய்க் கதவை இழுத்தேன், வரவில்லை. மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் இழுத்தேன். அப்போது மணமேல்குடிப் பிள்ளை அன்புமொழி, இரண்டாம் வருடம் படிக்கிறாள், மெதுவாகச் சொன்னாள்: "சார், கண்ணுசாமி அண்ணன் அஞ்சு மணிக்குத்தான் வந்து தெறப்பாங்க." கண்ணுசாமி அங்கே அட்டெண்டர். அவர் எதற்கு வெளியே தாழ்ப்பாள் போட வேண்டும் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க சொல்லித்தானே சார் போடுறாங்க" என்றாள்.

ஷீபா, பதினெட்டு வியாழக்கிழமை அவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ கண்ணுசாமிக்குப் போன் போட்டார்கள், அது கீழே கேன்டீனில் ஆளில்லாமல் அடித்தது எங்களுக்கே கேட்டது. நாங்கள் உட்காரும் நூலகம் மாடியில் கடைசி அறை, வகுப்புகளும் முடிந்துவிட்டன, கூப்பிட்டாலும் யார் காதிலும் விழாது. நான் நாற்காலியில் வந்து உட்கார்ந்து காலை இறுக்கிக்கொண்டேன். நாலு முப்பத்தைந்துக்கு ஜன்னலுக்கு வெளியே சாலையில் ஒரு பஸ் போயிற்று, அன்புமொழி தலையைத் திருப்பி அது வளைவில் மறையும்வரை பார்த்தாள். அதே பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கார்த்திகை மாதம் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவளைக் காட்டி, கதைக்குள் இறங்கிவிட்டால் கண் இப்படித்தான் தூரத்துக்குப் போகும், இந்தப் பிள்ளையைப் பாருங்கள் என்று பாராட்டினேன். அது மணமேல்குடி பஸ். அவள் அன்றும் தன் பஸ் போவதைத்தான் பார்த்திருக்கிறாள். அடுத்த பஸ்ஸில் போனால் வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிடுகிறதாம், இறங்கும் இடத்திலிருந்து முக்கால் மைல் தனியாக நடக்க வேண்டுமாம். வியாழக்கிழமை மட்டும் எங்கே போய்விட்டு வருகிறாய் என்று அப்பா தங்கமுத்து கேட்டிருக்கிறார், புத்தகம் படிக்கிறோம் என்று இவள் சொன்னதை அவர் நம்பவில்லை. இந்த செமஸ்டரோடு படித்தது போதும் என்று சொல்லிவிட்டாராம். நீ ஏன் அம்மா என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பூட்டச் சொன்னவர்கிட்டயே எப்படி சார் சொல்றது என்றாள். கண்ணுசாமி பத்து நிமிடம் முன்னதாக வந்து திறந்தார். நான் எப்படிக் கீழே இறங்கிப் போனேன் என்பதை எழுத வேண்டாம்.

மறுநாள் இந்துமதியைப் போய்ப் பார்த்தேன். துறைத்தலைவர் நாற்காலியில் இருந்தாலும் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிற பிள்ளை, கேட்டதும் அழுதுவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மொத ரெண்டு வாரம் நாலு புள்ளைங்கதான் இருந்துச்சுன்னு நீங்க ஷீபாகிட்ட சொல்லிட்டீங்க சார். எங்கப்பா திரும்ப வீட்டுக்குள்ள போய் மொடங்கிருவாருடி, எப்படியாச்சும் புள்ளைங்கள உக்கார வையின்னு அவ அழுதா. நான் வேற என்ன சார் செய்யிறது." தாழ்ப்பாள் யோசனை அவளுடையதுதான், நீ அதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இருவரும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பதிமூன்றாம் வாய்ப்பாடு ஒப்பிக்காதவர்களை அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போவேன், நினைவிருக்கிறதா? திரும்பி வந்தால் எல்லோரும் கடகடவென்று ஒப்பிப்பீர்கள். நல்ல முறை என்று பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களுக்குக்கூட அதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். இந்துமதி என்னிடம் படித்ததைத்தான் செய்திருக்கிறாள். வட்டத்தை நிறுத்திவிடலாம் என்றேன். மார்ச் மாதக் கடைசியில் கல்லூரியின் தரம் பார்க்க மதிப்பீட்டுக் குழு வருகிறது, முப்பது பேர் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இப்போது நிறுத்தினால் என் தலையில்தான் விடியும் சார் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆக அந்தப் பிள்ளைகள் எனக்காக உள்ளே இருந்தார்கள், நான் இந்துமதிக்காக இருக்கிறேன், அவள் உனக்காகச் செய்தாள். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, ஆனாலும் யாராலும் வெளியே வர முடியவில்லை. மார்ச் வரை நடத்துகிறேன், கதவைப் பூட்டினால் மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று என் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். திறந்து போட்டால் ஈ காக்கா இருக்காது சார் என்று கண்ணுசாமி முணுமுணுத்தார். பூட்டச் சொன்னது நான் இல்லை, ஆனாலும் பதினெட்டு வாரம் கதவைக் கவனிக்காமல் இருந்தது என் தப்பு, பஸ் இருப்பவர்கள் போகலாம் என்று நாலேகாலுக்குப் பிள்ளைகளிடம் சொன்னேன். முதலில் எழுந்தது அன்புமொழி. பையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினாள், அவள் பஸ் ஏறியதை ஜன்னலில் பார்த்தேன். கால்மணி நேரத்தில் இருபத்தாறு பேர் போய்விட்டார்கள். மிச்சம் நான்கு பேரில் இருவருக்குப் பஸ் ஐந்தரைக்கு, ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். மதுரைவீரன் என்று ஒரு பையன் மட்டும், கப்பல்காரனைப் பற்றி நீங்க போன வாரம் சொன்னது தப்பு சார் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றான். இத்தனை வாரத்தில் என்னைத் தப்பென்று சொன்ன முதல் ஆள் அவன். பூட்டிய அறையில் யார் சொல்வார்கள்?

ஆனால் படித்தது போதும் என்று அன்புமொழியின் அப்பா சொன்னது சொன்னதாகவே இருக்கிறது. இனிமேல் கதவைப் பூட்டமாட்டார்கள் என்று நான் சொன்னதற்கு, ஒரு வாரம் சீக்கிரம் வீட்டுக்குப் போனதற்காக அப்பா மனம் மாற மாட்டார் சார் என்று நேற்று உள்ளே வரும்போதே சொன்னாள். அவளுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டாராம். நாளை மறுநாள் பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறி மணமேல்குடிக்குப் போகிறேன். அவள் சொன்னது பொய்யில்லை, பூட்டிய அறையில் அவள் என் முன்னால்தான் இருந்தாள் என்று நான் நேரில் சொல்லாமல் அவர் எப்படி நம்புவார்? கேட்பாரா மாட்டாரா தெரியாது. திரும்புவதற்கு நேரமாகலாம். நீ வழக்கமாகக் கூப்பிடும் நாலு மணிக்கு ஹாலில் என் நாற்காலி காலியாக இருக்கும். உடையப்பனுக்குப் போன் போடாதே, பிஸ்கட்டும் மாத்திரையும் சட்டைப் பையில் இருக்கும்.

கேமராவின் வயர் டி.வி.க்குப் பின்னால்தான் இருக்கிறது, நானே பிடுங்கியிருக்கலாம், மூன்று நாளாக அதன் முன்னால் போய் நின்றுவிட்டு வந்தேன். பிடுங்கினால் நீ பயந்துபோவாய். அதனால் நீயே அங்கிருந்து அதை நிறுத்திவிடு. அம்மா போனபிறகு உனக்கு என்னைப் பற்றி இருக்கும் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை, தினமும் காலையில் எழுந்ததும் நானே உனக்குப் போன் செய்கிறேன், ஒருநாளும் தவறாது. இந்துமதியிடம் சண்டைக்குப் போகாதே. இரவு டூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும். கடிதத்தை அனுப்பிவிட்டு ஹாலில் வந்து உட்காருவேன். கேமராவில் இருக்கும் அந்தச் சின்ன நீல விளக்கு அணைந்தால், நீ கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.

உன் நலமே நாடும் அப்பா,
அ. சூசைராஜ்