கோடு கறுக்காத பெட்டி

மார்ச் 4, செவ்வாய்
இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்து பெட்டி கட்டுகிறேன். பெட்டிமேல் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்தால்தான் சூடு சரியாக ஏறியதாக அர்த்தம். இன்று கோடு பழுப்போடு நின்றுவிட்டது. பெட்டியைத் தரமாட்டேன் என்றேன்.

"லேசா கறுத்திருக்கே, அனுப்புங்க. டாக்டர் காத்துட்டிருக்கார்" என்றார் கண்காணிப்பாளர்.

"கிருமி லேசா சாகாது சார்."

ஆபரேஷன் நாளைக்குத் தள்ளிப்போனது. தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 5, புதன்
கண்காணிப்பாளர் 'கீழ்ப்படியாதவர்' என்று எழுதி என்னைச் சலவைப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். போர்வை மடிக்கிறேன். நானா கீழ்ப்படியாதவள்? யாருக்கு?

மார்ச் 7, வெள்ளி
வெள்ளிதோறும் சபையில் ஜெபச் சீட்டுகளைப் போதகர் பெயர் சொல்லாமல் வாசிப்பார். எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். நான் எழுதிப் போட்டது: 'ஆண்டவரே, எங்கள் கண்காணிப்பாளரை இந்த மாதத்துக்குள் நாற்காலியைவிட்டு இறக்கும்.'

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது ஜெபமா, உத்தரவா? கெடு வேற குடுக்கிறியே!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போதகர் எல்லாச் சீட்டையும் வாசித்தார், என்னுடையதைத் தவிர. என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? வாசலில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்குச் சபை ஆமென் சொல்ல முடியாதும்மா. தீர்ப்பை ஆண்டவர்கிட்ட விட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

தூங்குவதா? வயிறு எரிகிறது. வேதத்தில் துன்மார்க்கன் பச்சை மரமாய்த் தழைக்கிறான். அடுத்த வரியிலேயே காணாமல் போகிறான். இங்கே அந்த அடுத்த வரி எப்போ வரும்?

மார்ச் 12, புதன்
நூற்றெண்பது போர்வை. கண்காணிப்பாளர் நாற்காலிக்குப் புது மெத்தை வந்திருக்கிறதாம்!

மார்ச் 18, செவ்வாய்
மெக்கானிக் அந்த நீராவி மெஷினைத் திறந்து பார்த்தாராம். வால்வு பழுது. சலவைப் பிரிவுக்கே தேடி வந்து சொன்னார்: "அன்னிக்கு அந்தப் பெட்டி போயிருந்தா வம்புதான்க்கா. நல்லவேளை, நீங்க பிடிச்ச பிடியை விடலை."

பெருமையாக இருக்கிறது. இருக்கக் கூடாதோ? இருக்கட்டும். ஒரு நோயாளி பிழைத்திருக்கிறார். அது யாரென்றுகூட எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அது போதும் என்று இன்று முதல்முறையாகத் தோன்றியது. மத்தியானம் சாப்பாடு ருசித்தது.

மார்ச் 24, திங்கள்
கண்காணிப்பாளர் சலவைப் பிரிவுக்கு வந்தார். உட்காரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்கு என் பொண்ணுக்கு ஆபரேஷன். பெட்டியை... நீங்களே கட்டித் தர முடியுமா?"

பெட்டி கட்டும் பிரிவில் இப்போது மூன்று பேர் வேலை செய்கிறார்கள். என்னைத்தான் கேட்டார். 'இப்பத் தெரியுதா?' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மனுஷர் இன்று ஒரு பிள்ளைக்கு அப்பாவாக மட்டும்தான் வந்திருந்தார்.

"கட்டித் தரேன் சார். பொண்ணு பேரைச் சொல்லுங்க, ஜெபத்துல வெச்சுக்கிறேன்."

மார்ச் 25, செவ்வாய்
ஒவ்வொரு கருவியையும் இரண்டு தடவை பார்த்துக் கட்டினேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது; பிள்ளை கண் விழித்துத் தண்ணீர் கேட்டாளாம். நாளையிலிருந்து என் பழைய இடத்துக்கே வரச்சொல்லி உத்தரவும் வந்தது.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை என்பது, இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.