இஞ்சித் தண்ணீரும் ஒன்பது பேரும்

ஏழாயிரம்பண்ணை,
19.8.2006

அன்புத் தங்கை ஐஸ்வர்யாவுக்கு,

அக்கா பொன்னுத்தங்கம் எழுதிக்கொள்வது. அம்மா சுகமாக இருக்கிறாள். நான் வேலைக்குப் போகாமல் மூன்று நாளாகிறது. பதறாதே, முழுவதும் படி.

உன் போன கடிதத்தை கம்பெனி வேனிலேயே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் பட்டாசு மருந்தில் கலக்கிற அதே அலுமினியத் தூளை உங்கள் ஆய்வுக்கூடத்தில் கொடுத்த எலிகளின் ஈரலில் துருவேறுவது போல ஒரு கெடுதல் வருகிறது, இஞ்சிச் சாறு கொடுத்தால் அது குறைகிறது என்று எழுதியிருந்தாயே, அதைத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவே வினையாகிவிட்டது.

ஃபோர்மேன் கண்ணுச்சாமி காதில் விழுந்துவிட்டது. சீசன் தொடங்கியதிலிருந்து நாங்கள் மூக்குக்கு மாஸ்க் கேட்கிறோம். வெடிக்கு மருந்து அடைக்கிற அறையில் நாலு பேர்தான் உட்காரலாம், ஒன்பது பேரை அடைக்காதீர்கள் என்றும் கேட்கிறோம். மறுநாள் ஒரு அண்டா இஞ்சித் தண்ணீர் வந்தது. ஒந் தங்கச்சியே படிச்சுச் சொல்லிருக்கால்ல, ஆளுக்கு ஒரு டம்ளர் குடிங்க, அப்புறம் மாஸ்க் எதுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் குடித்தோம்.

புதன்கிழமை நம் குருவம்மாள் மதினி மூச்சு முட்டி அந்த அறையிலேயே சரிந்துவிட்டார். இன்னொரு டம்ளர் குடுங்க, சரியாப் போகும் என்றார் கண்ணுச்சாமி. வந்த ஆத்திரத்தில் அண்டாவைச் சாய்த்துக் கொட்டிவிட்டு வெளியே வந்து நின்றேன். மதினியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மதினி இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்.

மன்னிப்புக் கேட்டால்தான் நம் தெருவுக்கு வேன் வரும் என்று முதலாளி சொல்லியனுப்பினார். மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது. தீபாவளி ஆர்டர் கிடப்பில் கிடப்பது அவருக்குத்தான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தூளைக் குறைக்காமல் இஞ்சியை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் உன் எலிகள் பிழைக்குமா? இஞ்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பு. உன் பேரைச் சொல்லித்தான் அந்த அண்டா வந்தது. உன் பேரிலேயே திரும்பிப் போகட்டும். கம்பெனி வாசலில் நின்று எல்லோரும் கேட்க வாசிப்பேன்.

இஞ்சிமேல் எனக்குக் கோபமில்லை. நீ சொன்னபடி வீட்டில் தினமும் தட்டிப் போட்டுக் குடிக்கிறேன்.

நன்றாகப் படி, நன்றாக இரு. என் இருமலைப் பற்றி மட்டும் அந்தத் தாளில் எழுதிவிடாதே. நான் வாசிக்கும்போது அம்மாவும் பக்கத்தில் நிற்பாள்.

உன் அக்கா,
பொன்னுத்தங்கம்