இதில் சின்னக் குறை இருக்கிறது

கோபாலபுரம்
12 ஜனவரி 2025

அன்பு மகள் ஆஃப்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். நீ வரைகிற படங்களை விற்கிற இன்ஸ்டாகிராம் பக்கம் மூன்று நாளாக என் போனில் திறக்கவில்லை. போன் கெட்டுவிட்டதென்று நினைத்தேன். உன் அறைத்தோழி ஹம்சினியிடம் கேட்டால், நீ என்னை பிளாக் செய்துவிட்டாய் என்கிறாள். போன் போட்டாலும் எடுப்பதில்லை. பெற்ற அத்தாவை பிளாக் செய்தவள் இந்தத் தெருவிலேயே நீ ஒருத்திதான். நல்லவேளை, தபால்காரர் இன்னும் என்னை பிளாக் செய்யவில்லை.

நான் என்ன தப்பு செய்தேன்?

அன்புடன்,
அத்தா ஷரீஃப்

அடையாறு
17 ஜனவரி 2025

அன்புள்ள அத்தா,

வ அலைக்கும் ஸலாம். என்ன தப்பா? தி.நகர் புடவைக் கடையில் முப்பது வருடம் விற்ற பழக்கத்தை என் கமெண்டுகளில் காட்டுகிறீர்கள். மாளவிகா என்பவர் குளத்துப் படத்தைக் கேட்டால், "உங்க ஹாலுக்கு இது எடுப்பா இருக்காதும்மா, பூக்கடைப் படம் பாருங்க" என்கிறீர்கள். அதையாவது பொறுத்துக்கொண்டேன். ரயிலில் அம்மா தூங்கும் படத்தை மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும், ஊரே பார்க்க, "இதுல சின்னக் குறை இருக்கு, வேற பாருங்க" என்று எழுதிவிட்டீர்கள். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

மார்ச்சுக்குள் பக்கம் சூடு பிடிக்காவிட்டால் மறுபடி தரமணி ஆபீஸ் பஸ் ஏறுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது தெரிந்தும் இப்படிச் செய்தால் அழாமல் என்ன செய்வேன்?

கோபத்துடன், ஆனாலும் உங்கள்
ஆஃப்ரீன்

அடையாறு
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தா,

ஒரு வரி பதில் இல்லை. சரி, நானே இறங்கி வருகிறேன். "கடைக்காரர் எங்கே?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். பாதிப் பேர் உங்கள் பேச்சைப் படிக்கத்தான் வந்தார்களாம். மாளவிகா பூக்கடைப் படத்தை ஹாலில் மாட்டி போட்டோ அனுப்பினார். தன் சரக்கையே வேண்டாம் என்கிற கடையை அவர் பார்த்ததே இல்லையாம். அவர் போட்ட பதிவைப் பார்த்து இந்த வாரம் மட்டும் ஒன்பது ஆர்டர். எல்லோருக்கும் நீங்கள்தான் படம் தேர்ந்து தர வேண்டுமாம். தரமணி பஸ் இனி எனக்காக நிற்க வேண்டாம்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். வாருங்கள், அத்தா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரயில் படத்தில் என்ன குறை? பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது.

உங்கள்
ஆஃப்ரீன்

கோபாலபுரம்
13 பிப்ரவரி 2025

கண்ணு ஆஃப்ரீன்,

குறை ஒன்றும் இல்லை. கடையில் எங்களுக்கு மனசுக்குப் பிடித்த புடவை வந்தால், சம்பள நாள் வரை அடுக்கின் அடியில் தள்ளி வைப்போம். யாராவது கேட்டால், நெசவில் குறை என்று சொல்லி வேறு காட்டுவோம். படத்தில் உன் அம்மா கட்டியிருக்கிறாளே பச்சைப் புடவை, அதையும் நாலு பேரிடம் அப்படிச் சொல்லித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ரயில் படத்தை எனக்குக் கொடு என்று உன்னிடம் கேட்க வெட்கமாக இருந்தது. நீ அழுதாய் என்று படித்ததும் பேனாவே ஓடவில்லை. மன்னித்துக்கொள்.

சும்மா தருகிறேன் என்று சொல்லாதே, மற்றவர்களைப் போல நானும் ஆர்டர் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன். சுவரில் ஆணி அடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

உன் வாடிக்கையாளர்,
ஷரீஃப்