ஓட்டை போட்ட பால் டின்கள்

அக்கா,

இன்று காலை தேநீர் கலக்கும்போது பால் டின் காலியானது. கழுவிக் கவிழ்த்ததும் என் கை தானாகவே ஆணியைத் தேடியது. நீ போய் எட்டு மாதமாகிறது.

கிள்ளானில் அத்தான் இறந்த மறுவாரமே தோட்டத்து லய வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சட்டியும் பெட்டியும் சாக்கடையோரம் கிடந்ததாகச் சொன்னாய். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வெறுங்கையோடு வந்தாய். அதற்குப் பிறகு உன் கைக்கு வந்த எதுவும் வெளியே போகவில்லை. பால் டின், சாக்கு, கம்பி முறிந்த குடை, பழைய பேப்பர். அடுப்படிக்கு ஒருக்களித்துத்தான் போக முடியும். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தூங்கினார்கள். நாங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டோம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நீ பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்த ஒருநாள் பாதியைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். வழியில் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாயாம். இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. "நீயும் என் சாமான வெளிய போட்டுட்டியாடி?" என்று கேட்டாய். இது கஞ்சத்தனமும் இல்லை, சோம்பலும் இல்லை. எதை விட்டாலும் மறுபடி தெருவில் நிற்போம் என்ற பயம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு கொசு இன்ஸ்பெக்டர் வந்தார். "கொல்லையில டின்னு டின்னா தண்ணி நிக்குது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா குவாட்டர்ஸ் போயிடும்மா."

என் கொழுந்தனார் காத்திருந்தவர்போல, "அண்ணி, அவங்களப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில விட்டுடுவோம்" என்றார்.

"விடறதா இருந்தா என்னையும் சேத்து விடுங்க" என்றேன்.

உன்னை எதையும் எறியச் சொல்லவில்லை. "அக்கா, அடியில ஓட்டை போட்டா தண்ணி நிக்காதுல்ல?" என்று கேட்டேன். ஒரு டின்னைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சின்ன ஓட்டையாப் போடு" என்றாய். ஒரு வாரம் கொல்லையில் உட்கார்ந்து ஒவ்வொரு டின்னிலும் ஆணி அடித்தோம். இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒழுகியது. எழுத ஒன்றுமில்லாமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

வீட்டுக்குள் நெரிசல் குறையவில்லை. பிள்ளைகளுக்குப் படுக்க இடம் கிடைக்கவில்லை. ஆனால் நீ கடைசிவரை எங்களோடுதான் இருந்தாய்.

உன் காரியம் முடிந்த அன்று கொழுந்தனார், "இனிமேலாவது இந்த வீடு சுத்தமாகும்" என்றார்.

"எங்க வீடு எப்பவும் சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

பச்சைப் பொய். யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அக்கா.