மயில் காசுக்கு நான் சொன்ன அளவு

மாமா,

இன்று காலை உங்கள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். யூக்கலிப்டஸ் தைல வாசம் மூக்கில் ஏறியது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு காசையும் தைலம் தொட்ட துணியில் சுற்றி வைத்தீர்களே, அந்த வாசம் மட்டும் போகவில்லை. திறக்கச் சொன்னவர் அந்த மதுரைக்காரர்தான். சீசனுக்கு சீசன் பெட்டியோடு மலையேறி நம் நாயுடுபுரம் வீட்டுக்கு வந்து உங்களுக்குப் பழங்காசு விற்றாரே, அவரே. இப்போது திருப்பி வாங்க வந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "விலையெல்லாம் ஏறிப்போச்சும்மா. பெரியவரு கெட்டிக்காரரு. எவ்வளவுன்னா குடுப்பீங்க?" என்றார்.

எவ்வளவு. நீங்களும் ஒரு நாள் என்னிடம் அப்படித்தான் கேட்டீர்கள்.

அது நயா பைசா வந்த வருஷம். ஓட்டைக் காலணா இனி கண்ணில் படாது என்று நம் பூண்டு மண்டிக் கல்லாவிலிருந்து பொறுக்கி எடுத்து வைக்கத் தொடங்கினீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த சீசனில் மீன் போட்ட பாண்டியர் காசு ஒன்றைப் பதினோரு ரூபாய்க்கு வாங்கினீர்கள். அந்த மாதம் நம் வீட்டுப் பால் கணக்கே ஒன்பது ரூபாய். அத்தை இல்லாத வீட்டில் கணக்கு நோட்டு என் கையில் இருந்தது. உங்கள் கடைசி மகள் சரசுவின் பழைய பள்ளிப் புத்தகங்களை வைத்து நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்துத் தொடங்கிய நோட்டு. சாமி, சாமான், வைத்தியம், வீண் என்று நாலு தலைப்பு. பதினொன்றை வைத்தியத்தில் எழுதினேன்.

"இதென்ன தாயி, வைத்தியத்துல கெடக்கு? யாருக்குச் சீக்கு?"

"உங்களுக்குத்தான் மாமா. மருந்து மதுரையிலேருந்து வருது."

சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்களும் சிரித்துவிட்டு, "சரி, எவ்வளவுன்னா ஜாஸ்தி? நீயே ஒரு அளவு சொல்லு. மீற மாட்டேன்" என்றீர்கள்.

என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். கிருத்திகைக்குக் கிருத்திகை, பூண்டுப் பொதி ஏற்றிய குதிரைகளோடு வில்பட்டிப் பாதையில் பழனிக்கு இறங்குவீர்கள். உண்டியலில் போடுவது ஒரு ரூபாய். அதற்கு மேல் போட்டு யாரும் கண்டதில்லை. "சாமிக்குப் போடுறதுக்கு மேல காசுக்குப் போகக் கூடாது மாமா" என்றேன். முருகனையே காவலுக்கு நிறுத்திவிட்டதாக நினைப்பு.

அடுத்த கிருத்திகைக்கு நீங்கள் பதினொன்று போட்டீர்கள்.

அதன் பிறகு காசு இருபது என்றால் உண்டியலுக்கும் இருபது, முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்து. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இரண்டாக்கியவள் நான். வில்பட்டிக்காரர்கள் என்னிடமே வந்து, "உங்க மாமனாரு நோட்டாப் போடுறாரு தாயி, குடுத்து வச்ச குடும்பம்" என்றார்கள். ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். "சாமிக்குப் போடுறதையே கணக்குப் பாக்குறியா?" என்றீர்கள். தினமும் முருகன் படத்துக்கு விளக்கு ஏற்றுகிறவள் நான். சாமி தலைப்பில் எழுதினேன்.

சரசு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். திண்டுக்கல்லில் டீச்சர் டிரெய்னிங் சேர வேண்டும். சேர்க்கைப் பணம், விடுதி, இரண்டு சேலை என்று நானும் அவளும் போட்ட கணக்கு முந்நூறு ரூபாய். மூன்று வருஷமாக அரிசியிலும் எண்ணெயிலும் மிச்சம் பிடித்து, உங்களிடம் சொல்லிவிட்டே, முந்நூற்று நாற்பது சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தேன். அந்த மே மாதம் மதுரைக்காரர் மயில் போட்ட பழங்காசோடு வந்தார். விலை நூற்றைம்பது.

"வேண்டாம் மாமா, இது சரசு பணம்" என்றேன்.

"முருகன் வாகனம் தாயி, வாசல் தேடி வந்திருக்கு. நூத்தம்பது இதுக்கு, நூத்தம்பது பழனி மலைக்கு. வெரசா எடுத்துத் தா, மனுசன் பஸ்ஸுக்குப் போகணும்ங்கிறாரு. உன் வாயால சொன்ன அளவுதானே? ஒரு பைசா மீறினேனா?"

மீறவில்லை. அதுதான் மாமா, இன்றுவரை நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. உங்கள் மகன், என் வீட்டுக்காரர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத் தாளை இரண்டு கையாலும் பிடித்தபடி சரசு கதவோரம் நின்றாள். பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முருகனுக்குப் போகும் பணத்தை மறித்தவள் என்று பேர் வருமே என்று பயந்தேன். எண்ணிக் கொடுத்தேன்.

"மதினி, உங்க அளவுல நான் எங்க வர்றேன்?" என்று சரசு கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மீந்த நாற்பதில், மறு தை மாதம் அவளுக்குக் கூறைச்சேலை எடுத்தோம். வில்பட்டியில் பூண்டு போடும் குடும்பம். எந்தக் குறையும் இல்லாத மாப்பிள்ளை என்றீர்கள், குறை ஒன்றும் இல்லைதான். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்கிறாளாம். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவளிடம் இந்த டப்பாவை நீட்டினேன். மயில் காசை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு மதினி. நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் களத்துல சோலி கெடக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

மதுரைக்காரர் இன்று சொன்ன விலை நீங்கள் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு. உங்கள் கண் தப்பவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்; கணக்கில் பொய் எழுத எனக்கு வராது. ஆனால் அவர் கேட்டதற்கு அளவு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு முறை சொன்னதே போதும். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் போன பிறகு கிருத்திகைக்கு நான் பழனி ஏறுகிறேன். முந்தானையில் ஒரு ரூபாய் முடிந்துகொண்டு போகிறேன். அவனைக் கண் நிறையப் பார்க்கிறேன், அழுகிறேன். உண்டியல் முன்னால் வந்ததும் கை முடிச்சைப் பிடித்துக்கொள்கிறது. அவிழ்க்க வரவில்லை. அப்படியே இறங்கி வீட்டுக்கு வந்து, சரசு மகள் பேரில் ஒரு மண் உண்டியலில் போடுகிறேன். சரசுவுக்குத் தெரியாது, தெரிந்தால் வாங்கமாட்டாள். நோட்டில் எந்தத் தலைப்பிலும் அதை எழுதவில்லை. முருகன் ஏன் என்று கேட்டால் அவனுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காதீர்கள்.