பூவம்மா அக்காவின் சக்கரங்கள்

அன்பு மகன் ரித்திக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீட்டில் நானும் அப்பாவும் முழங்கால் வலி நீங்கலாகச் சுகம், கம்போடியாவில் நீயும் நீ போடும் தண்ணீர்க் குழாய்களும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கோயில் வாசலில் கால் கழுவும் இடத்தைப் புதிதாகக் கட்டினார்கள். கருங்கல் மேடை, பளபளவென்று குழாய்கள், அப்பா நிர்வாகக் குழுவில் இருக்கிறார் அல்லவா, தாமே கல் சுமந்தவர் மாதிரி நின்றார். முதல் வெள்ளிக்கிழமையே நம் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் பூவம்மா அக்கா, பக்கவாதம் வந்த பிறகு முதல்முறையாக, சக்கர நாற்காலியில் வந்தார். மேடையில் ஏற வழியில்லை. செயலாளர் திலீப் நல்ல பிள்ளைதான், "அக்கா, நீங்க கழுவ வேணாம் லா, அப்படியே உள்ள வாங்க, சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார். என்ன அன்பு என்று நாங்களும் தலையாட்டினோம். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எல்லாரும் கழுவிட்டுப் போறீங்க, நான் மட்டும் ரோட்டு அழுக்கோட போகணுமா? இந்தச் சக்கரம்தான் இப்ப என் கால்" என்று வாசலோடு திரும்பிவிட்டார். அப்புறம் எத்தனை கூப்பிட்டும் வரவில்லை.

குழுக் கூட்டம் என்றால் பெண்கள் நாங்கள் தேநீர் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். இந்த முறை நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! எப்படி வேண்டும் என்று அக்காவிடமே போய்க் கேளுங்கள் என்றேன். போனார்கள். மேடையில் ஒரு பக்கத்தை உடைத்துச் சரிவாக்கி, கைக்கு எட்டும்படி குழாய் வைத்தார்கள்.

நேற்று அக்கா வந்தார். காலைக் கழுவினார், பிறகு சக்கரங்களை. அப்பாதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் அடித்தார். "அந்தப் பக்கம் இன்னும் அழுக்கு இருக்கு, சரியா அடிங்க" என்று அக்கா விரட்டினார். பின்னால் நீண்ட வரிசை காத்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீயும் அங்கே ஊர்க் கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டுக் குழாய் போடாதே ராசா, வராதவர்கள் வீட்டுக்கும் போய்க் கேள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. முருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா கனகவல்லி

பி.கு.: கும்பிட்டுவிட்டு வந்த அக்கா திலீப்பிடம் சொன்னது, "சாமியப் பாத்தாச்சு தம்பி. இப்ப டாய்லெட்டைக் காட்டுங்க." அங்கே இரண்டு படி இருக்கிறது.