சீனிக் கொப்பி

புளியங்குளம்,
17.06.2025, செவ்வாய்.

மதிப்புக்குரிய விமலேஸ்வரி டீச்சருக்கு,

உங்கள் மூன்றாம் வகுப்புச் சாரங்காவின் அம்மா எழுதுகிறேன். பிள்ளைக்குச் சீனி வருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். காலை இன்சுலின் ஊசியைப் போட்டு, பிட்டை வாயில் தீத்திவிட்டு, நான் வவுனியா கார்மென்ட்ஸ் பஸ்ஸில் ஏறிவிடுவேன். உள்ளே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் பிள்ளையின் பையில் இந்தக் கொப்பியை வைத்து எழுதி அனுப்புகிறேன்.

இடைவேளைச் சாப்பாட்டை அவள் கட்டாயம் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் சீனி விழுந்துவிடும். பதினொரு மணிக்கு விரலில் குத்திப் பார்த்து எழுதுவீர்களா? சீனி பார்க்கும் மெஷின் பையில் இருக்கிறது. நேற்றுப் பள்ளியில் அவளுக்குக் கை நடுங்கியதாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது அவளுக்காகப் பதினொரு திங்கட்கிழமை விரதம் நேர்ந்தேன். நேற்று முதலாவது. இனி அம்மனும் நீங்களும்தான் துணை.

இப்படிக்கு,
தயாளினி

24.06.2025, செவ்வாய்.

அன்புள்ள தங்கச்சி தயாளினிக்கு,

இருபத்தாறு வருடம் சோக்கட்டி பிடித்த கை, முதல் நாள் உம்முடைய மகளின் விரலில் குத்தத் துணியவில்லை. "பயப்பிடாதேங்கோ டீச்சர், எனக்கு நோகாது" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். வாய்க்காரி!

புதன் 142, வியாழன் 156, வெள்ளி 138. சந்தோசப்பட்டேன். நேற்று 54. முகமெல்லாம் வியர்வை. சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாகத்தான் இருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தால், "இது சாப்பாடா டீச்சர்?" என்று கேட்கிறாள். "இல்லையடி, மருந்து" என்ற பிறகுதான் குடித்தாள். இன்று 387. இதென்ன ஏற்றமும் இறக்கமும்? விரதம் என்று பட்டினி கிடக்காமல் நீரும் நேரத்துக்குச் சாப்பிடும்.

அன்புடன்,
விமலேஸ்வரி

01.07.2025, செவ்வாய்.

டீச்சருக்கு,

நேற்று 48 என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தில் இரவு ஊசியைக் குறைத்தேன். இன்று காலை 410. போன கிழமையும் இதையேதான் செய்தேன். கிளினிக்கில் டொக்டர், "உங்கட பாட்டுக்கு மாத்தாதேங்கோ" என்று ஏசுகிறார். மாற்றாமல் விட்டால் விழுந்து செத்துப்போவாளே என்ற பயம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? பதினொரு மணியானால் எனக்குத் தையல் ஓடுவதில்லை. இரண்டு தரம் ஊசி என் விரலிலேயே ஏறிவிட்டது.

கோபிக்காதீர்கள், கேட்காமல் இருக்க முடியவில்லை. அவள் சாப்பிடுவதை உங்கள் கண்ணால் பார்க்கிறீர்களா? வெறும் பெட்டியைப் பார்த்து எழுதாதீர்கள். எனக்கிருப்பது அவள் ஒருத்திதான்.

தயாளினி

08.07.2025, செவ்வாய்.

தங்கச்சி,

நேற்று வகுப்பில் சாரங்கா வலிப்பு வந்து விழுந்ததும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். வார்டில் எல்லோருக்கும் முன்னால், "என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தீங்களே" என்று என்னைப் பார்த்துக் கத்தினீர். போன கிழமை நீர் கேட்டது சரி. நான் பெட்டியைத்தான் பார்த்தேன், வாயைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள் என்று சாட்டுச் சொல்ல மாட்டேன்.

இன்று, வகுப்பில் அவளுக்குப் பக்கத்து வாங்கில் உட்காரும் யதுர்ஷன் அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். திங்கட்கிழமைகளில் அவளுடைய சாப்பாட்டை அவன்தான் சாப்பிட்டிருக்கிறான். யாருக்கும் சொல்லாதே என்று சாமிமேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் அவனிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா எனக்காக விரதம் பிடிக்கிறா. அம்மா மட்டும் பிடிச்சா பாதி வருத்தம்தான் போகும். மிச்சப் பாதிக்கு நானும் பிடிக்கோணும்."

கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். சீனி விழுந்ததெல்லாம் திங்கள். எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். உம்மைக் குறை சொல்ல எழுதவில்லை. இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு என்னால் படுக்க முடியாது.

விமலேஸ்வரி

14.07.2025, திங்கள்.

அன்புள்ள விமலேஸ்வரி அக்காவுக்கு,

டீச்சர் என்று எழுதக் கை வரவில்லை. வார்டில் நான் பேசியதற்கு எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது?

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகும் விரதத்தை விட எனக்கு மனம் வரவில்லை. விட்டால் அம்மன் பிள்ளையை எடுத்துவிடுவாளோ என்று பயம். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பிடிப்போம் என்று நினைத்தேன். இன்று வேலைக்கு லீவு. காலையில் ஊசியைப் போட்டு, பிட்டைக் கோப்பையில் போட்டு முன்னால் வைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"ஓம், குசினிக்க அடுப்படியில நிண்டு சாப்பிட்டனான்."

"பொய். உங்கட சாப்பாட்டுக் கோப்பை காய்ஞ்சு கிடக்கு."

ஊசி போட்டு அரை மணியாயிற்று. முக்கால் மணியாயிற்று. கெஞ்சினேன், அடிக்கக் கையோங்கினேன், காலைப் பிடித்தேன். அவளுடைய விரல் நடுங்கத் தொடங்கியும் அவள் அசையவில்லை. கடைசியில் அவளுடைய கோப்பையிலிருந்தே ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டேன். விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா" என்றாள். போட்டேன். அதன் பிறகு அவளும் வாயைத் திறந்தாள். நான் அழுதுகொண்டே தீத்தினேன்.

பதினொரு திங்களில் நான்கு முடிந்தது, ஐந்தாவதை உடைத்துவிட்டேன். அம்மன் கோபித்தால் என்னோடு கோபிக்கட்டும். பதினொரு மணிக்கு 121. நாளைக்கு எத்தனை என்று தெரியாது.

நாளை பள்ளிக்கு வருவாள். அடுத்த திங்கள் நான் தொழிற்சாலையில் இருப்பேன், நான் சாப்பிட்டதை அவளால் பார்க்க முடியாது. அதனால் கொப்பியில் அவளுடைய சீனிக் கணக்குக்கு மேலே என் சாப்பாட்டையும் எழுதி அனுப்புவேன். இடைவேளையில் அதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள் அக்கா. பிறகு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

இன்று: அம்மா, காலை, பிட்டும் சம்பலும், இரண்டு பிடி.

உங்கள் தங்கச்சி,
தயாளினி